தடுத்தாட்கொண்ட பில் ரஸ்ஸல்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லேன், 1961-62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தார். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததும் அந்தப் பருவத்தில்தான். அப்படியிருந்தும், அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் யார் என்று சக ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்தபோது வென்றவர், 18.9 புள்ளிகள் மட்டுமே சராசரி வைத்திருந்த பில் ரஸ்ஸல்!

எதிரே நின்று ஆடியவர்களுக்குத்தான் அவருடைய அருமை தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில், தடுப்பவரின் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது என்பதே பயிற்சியாளர்களின் பாடம். ரஸ்ஸல் எம்பினார். எம்பியதோடு நிற்கவில்லை. எதிராளி எறிந்த பந்தைக் கோட்டுக்கு வெளியே அறைந்து தள்ளினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், பந்து மறுபடி எதிரணிக்கே போய்விடும். ரஸ்ஸல் அதை மெல்லத் தட்டித் தன் ஆள் நிற்கும் பக்கம் விழவைப்பார். அடுத்த சில நொடிகளில் அவருடைய அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் மறுமுனையில் கூடை போட்டிருக்கும். எதிரணியின் தாக்குதலையே தன் அணியின் தாக்குதலாக மாற்றிய கலை அது. எத்தனை பந்துகளை அப்படித் தடுத்தார்? கணக்கே இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அதைப் பதிவு செய்யத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரஸ்ஸலோ 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார்.

பதிவானவையே மலைக்க வைக்கின்றன. 13 பருவங்களில் 11 சாம்பியன் பட்டங்கள். அவற்றில் 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக 8. மொத்தம் 21,620 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). 1962 இறுதிச் சுற்றில் லேக்கர்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 30 புள்ளிகள், 40 ரீபவுண்டுகள்.

லூசியானாவில் 1934-ல் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்து, 12 வயதில் தாயை இழந்த கறுப்பினச் சிறுவன் அவர். பாஸ்டனுக்கு இத்தனை பட்டங்களைக் கொடுத்தவரை அந்த ஊர் நடத்திய விதத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பாஸ்டனை அடுத்த ரெடிங்கில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இனவெறிச் சொற்களை எழுதி, படுக்கையில் மலத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மறந்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில், தங்கிய ஹோட்டலின் காபி ஷாப்பில் கறுப்பின வீரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் அணியின் மற்ற கறுப்பின வீரர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தில் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். 1963-ல் சிவில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் ஜாக்சன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அதே நகருக்கே போய், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார். எந்தப் பட்டத்தைவிடவும் பெரிய துணிச்சல் அது.

1966-ல் ரெட் ஆவர்பாக் செல்டிக்ஸ் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகியபோது, அந்த இடத்துக்கு ரஸ்ஸல் வந்தார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். ஆடிக்கொண்டே பயிற்சியளித்து 1968, 1969 பட்டங்களை வென்றார்.

1975-ல் கூடைப்பந்துப் புகழரங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது. விழாவுக்கே அவர் போகவில்லை. தனக்கு முன்பே அந்தக் கௌரவத்துக்கு உரிய கறுப்பின முன்னோடிகள் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின வீரரான சக் கூப்பருக்கு 2019-ல் இடம் கிடைத்தது. அந்த ஆண்டுதான் ரஸ்ஸல் தனக்குரிய புகழரங்க மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். 44 ஆண்டுக் காத்திருப்பு!

2022 ஜூலை 31 அன்று, 88 வயதில் அவர் காலமானார். அடுத்த மாதமே, அவர் அணிந்த 6-ம் எண்ணுக்கு லீக் முழுவதும் ஓய்வு அறிவிக்கப்பட்டது. என்.பி.ஏ. வரலாற்றில் அந்த மரியாதையைப் பெற்ற முதல் வீரர் ரஸ்ஸல்தான்.