மனவெழுச்சி பற்றிய விஞ்ஞானக் கோட்பாடுகள்

சினம், அச்சம், துயரம், உவகை முதலியவற்றை நாம் நாள்தோறும் அனுபவிக்கின்றோம், பிறரிடத்தும் காண்கின்றோம். எனினும், மனவெழுச்சி என்பது யாது, அது எவ்வாறு தோன்றுகின்றது என்னும் வினாக்களுக்கு அறிஞர்கள் இன்றும் ஒருமித்த விடை கூறுவதில்லை. இவ்வினாக்கள் ஆய்வுகூடத்துடன் முடிந்துவிடுவனவுமல்ல. முகக்குறியைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிப்போரும், ஊதிய உயர்வு கோரும் தொழிலாளரை உணர்ச்சிவசப்பட்டோர் எனத் தள்ளிவிடுவோரும் மனவெழுச்சி பற்றிய ஏதோவொரு கோட்பாட்டைத் தம்மையறியாமலே கைக்கொள்கின்றனர். எனவே, இத்துறையில் எழுந்த முக்கிய கோட்பாடுகளைச் சுருக்கமாக நோக்குவது பயனுடையதாகும்.

இத்துறையின் தொடக்க நூல்களுள் முதன்மையானது, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் முறைபற்றிச் சாள்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலாகும். பல்வேறு இனமக்களின் முகக்குறிகள் ஒத்தனவா என அறியும் பொருட்டு அவர் உலகின் பல பாகங்களுக்கும் வினாக்கொத்து அனுப்பினார். இலங்கையிலிருந்து கிளெனி என்னும் பாதிரியார் அவ்வினாக்கள் சிலவற்றுக்கு விடையனுப்பினார். இலங்கையிற் பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் வடித்தமை பற்றி எமர்சன் ரெனன்ற் எழுதிய குறிப்பையும் டார்வின் எடுத்தாண்டார். மனித உணர்ச்சி விலங்குலகிலிருந்து தொடர்ந்து வருவது என்பதே அவரது முடிபு. மனிதரின் உள்ளம் இயற்கைக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணத்தை இம்முடிபு அசைத்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ். அஞ்சுவதால் நாம் ஓடுகின்றோம் என்பதே பொதுவான எண்ணம். ஜேம்ஸ் 1884இல் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கினார். ஆபத்தைக் கண்டவுடன் உடல் மாறுகின்றது. அம்மாற்றத்தை நாம் உணர்வதே அச்சமாகும் என்றார். இதயத் துடிப்பு, நடுக்கம், வியர்வை ஆகியவற்றை நீக்கிவிட்டால் அச்சத்தில் எஞ்சுவது யாது என்பதே அவரது கேள்வி. டென்மார்க் மருத்துவரான கார்ல் லாங்கே 1885இல் இதனையொத்த கருத்தைத் தனித்து வெளியிட்டமையால் இது ஜேம்ஸ்–லாங்கே கோட்பாடு எனப் பெயர் பெற்றது.

இதனை உடற்றொழிலியல் நோக்கில் வன்மையாக மறுத்தவர் வோல்ற்றர் கனன். பரிவு நரம்புத் தொகுதி அகற்றப்பட்ட பூனைகளும் குரைக்கும் நாயைக் கண்டபோது சீறின, காதுகளைப் பின்மடித்தன, பற்களைக் காட்டின. உள்ளுறுப்புக்கள் மூளையின் ஏவலைப் பெறாதபோதும் சினத்தின் நடத்தை அழியவில்லை. மேலும், அச்சத்திலும் சினத்திலும் இதயம் ஒரேவிதமாக விரைகின்றது, காய்ச்சலிலும் அவ்வாறே. உடல்மாற்றம் ஒன்றாயிருக்க, மனவெழுச்சிகள் வேறுபடுவது எங்ஙனம் என 1927இல் அவர் வினவினார்.

இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோர் ஸ்ரான்லி ஷாக்ரரும் ஜெரோம் சிங்கரும் ஆவர். 1962இல் வெளியான அவர்களது பரிசோதனையில் மாணவர் சிலருக்கு விற்றமின் எனக் கூறி அதிரினலின் ஊசி ஏற்றப்பட்டது. அதன் விளைவுகளை முன்னறிந்தோர் தம் படபடப்புக்கு ஊசியே காரணம் எனக் கொண்டனர். அறியாதோர், அருகிலிருந்து நடித்தவரின் களிப்பையோ சினத்தையோ தாமும் ஏற்கும் போக்கைக் காட்டினர். உடற்கிளர்ச்சியும் அதற்கு நாம் கற்பிக்கும் பொருளும் இணைந்தே மனவெழுச்சி ஆகின்றது என்பது அவர்களின் முடிபு. இப்பரிசோதனையைப் பின்னர் மீளச் செய்தோர் அதே பெறுபேறுகளை முழுமையாகப் பெறவில்லை. ஆயினும், அது எழுப்பிய வினா நிலைத்தது.

மனிதர் பொருள் கற்பிப்பது தனித்திருந்தன்று. மொழியாலும் சமூக உறவுகளாலும் ஆகும். சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் எழுதி முற்றுப்பெறாது விட்ட ஆய்வொன்றில் ஜேம்ஸ்–லாங்கே கோட்பாட்டை விரிவாகக் கண்டித்தார். மனிதரின் உயர் உணர்ச்சிகளை அது விளக்கவில்லை என்பது அவரது குறைபாடு. பசுபிக் சமுத்திரத்தின் இஃபலுக் தீவில் ஆய்வு செய்த கதரின் லூற்ஸ், 1988இல் வெளியிட்ட நூலில், அம்மக்கள் எரிச்சலின் வகைகளைத் தனித்தனிச் சொற்களாற் குறிப்பதைக் காட்டினார். அவற்றுள் ஒன்று, பகிர்தல் முதலான நெறியை மீறியவர்மீது எழும் நியாயமான சினத்தையே குறிக்கும். ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல், விமானப் பணிப்பெண்களின் புன்னகையும் கடன் அறவிடுவோரின் கடுமையும் ஊதியத்திற்கு விற்கப்படுவதை ஆராய்ந்து, அதனை மனவெழுச்சி உழைப்பு என வழங்கினார்.

இதற்கு மாறாக, அடிப்படை மனவெழுச்சிகள் சிலவற்றின் முகக்குறிகள் மனித இனம் முழுவதற்கும் பொதுவானவை எனப் போல் எக்மன் வாதிட்டார். 1960களின் பிற்பகுதியில் நியூகினியில் அவர் நடத்திய ஆய்வு அதற்கு ஆதாரமாயிற்று. முகத்தைப் படித்து மனத்தை அறிவதாகக் கூறும் கணினிப் பொறிகள் பல இக்கருத்தின் வழியிலேயே அமைந்தன. ஆனால், லிசா பெல்ட்மன் பரெற்றும் வேறு நால்வரும் 2019இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, சினமுற்றோர் எப்போதும் முகஞ்சுளிப்பதில்லை. முகஞ்சுளிப்போர் யாவரும் சினமுற்றோருமல்லர் எனக் காட்டியது. பணியிடத்திலும் கல்விநிலையத்திலும் இத்தகைய பொறிகளைப் பயன்படுத்துவதை, மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உடலின்றி மனவெழுச்சி இல்லை என்பதும், உடல் மட்டுமே மனவெழுச்சி ஆகாது என்பதும் புலனாகும். விரையும் இதயத்தை அளவிடலாம். அது எதன் பொருட்டு விரைகின்றது என்பதைக் கருவி கூறாது. தொழிலாளியின் சினத்தை அவரது நரம்புகளில் மட்டும் தேடுவோர், அச்சினத்தை எழுப்பிய உறவுகளை ஆராயாமல் விடுகின்றனர். அவர் சினந்தாரா என்று கேட்பதோடு, அவர் கூறுவது உண்மையா என்றும் கேட்டல் வேண்டும். பின்னைய வினாவுக்கு விடை அவரது முகத்தில் இல்லை.