நிறத்துக்கு ஓர் இரவு

உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது கவனித்திருப்பீர்கள். நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் சூடேறினால் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியைத்தான் பிரதானமாக உமிழும். பழைய மஞ்சள் தெருவிளக்குகளிலும் அதே சோடியம்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தமாகச் சில நிறங்கள் உண்டு. அடுப்பில் எரிந்தாலும் அண்டத்தின் மூலையில் எரிந்தாலும் அவை மாறுவதில்லை. பல ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலுள்ள வாயு மேகங்களைப் படமெடுப்பவர்கள் நம்பியிருப்பது இந்த ஒன்றைத்தான்.

நெபுலா எனப்படும் அந்த மேகங்களுக்குள் இருக்கும் வெப்பமான விண்மீன்கள் புறஊதாக் கதிர்களை வீசி, சுற்றியுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அந்த வாயு தரும் ஒளி பெரும்பாலும் வானவில் போலத் தொடர்ச்சியாக இருப்பதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய கோடுகளாக வருகிறது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பு. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7இல் நீலப்பச்சை. ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகம் 672ஐ ஒட்டி, இன்னும் அடர்ந்த சிவப்பு. படமெடுப்பவர்கள் இவற்றை எச்-ஆல்ஃபா, ஓ-த்ரீ, எஸ்-டூ என்பார்கள்.

கேமராவுக்கு முன்னால் வைக்கும் நேரோபேண்ட் ஃபில்டர் இவற்றில் ஒரு கோட்டை மட்டும், 3 முதல் 7 நானோமீட்டர் அகலத்துக்கு, உள்ளே விடும். நம் கண் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 வரை. அந்த முந்நூறில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஃபில்டர் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நகர விளக்குகள் வானத்தில் பூசும் வெளிச்சமும் நிலவொளியும் பெரும்பாலும் அந்த ‘மற்றதில்’ போய்விடும். மலைக்குப் போக வழியில்லாதவரும் மொட்டைமாடியிலிருந்தே நெபுலாவைப் படமெடுக்க முடிவது இதனால்தான். உத்தி புதிதல்ல. நம் கொடைக்கானல் ஆய்வகத்தில் 1912 முதலே சூரியனை எச்-ஆல்ஃபா ஒளியில் மட்டும் பிரித்துப் படமெடுத்து வந்திருக்கிறார்கள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது ஆக்சிஜன் கோடுதான். 1864 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில், தன் வீட்டு ஆய்வகத்தில், வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானி வழியாகப் பார்த்தார். நெபுலா என்பது வாயுவா, தொலைநோக்கியால் பிரித்துக்காட்ட முடியாத விண்மீன் கூட்டமா என்ற வாதம் அப்போது தீர்ந்திருக்கவில்லை. கூட்டமென்றால் தொடர்ச்சியான நிறப்பட்டை தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்ததோ பிரகாசமான கோடு. வாயுதான் என்று முடிவாயிற்று. ஆனால் பூமியில் அறிந்திருந்த எந்தத் தனிமத்தோடும் அந்தக் கோடு பொருந்தவில்லை. ஆகவே ‘நெபுலியம்’ என்றொரு புதிய தனிமமே இருப்பதாக நம்பினார்கள்.

1927இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் அந்த முடிச்சை அவிழ்த்தார். அது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனேதான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்து கிளர்ச்சியுற்றிருக்கும் ஆக்சிஜன் அணு இந்த ஒளியை வெளிவிடச் சராசரியாக அரை நிமிடம் போலத் தனித்து இருக்க வேண்டும். பூமியில் அதற்குள் ஏதாவதொன்று வந்து மோதி ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் அணுக்கள்தான். மோத ஆளில்லை. நம் ஆய்வகங்களின் வெற்றிடத்தைவிட வெறுமையான இடத்தில்தான் இந்த ஒளி பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு ஓ-த்ரீ படத்தைப் பார்த்தால், அது வேறு மாதிரித் தெரியும்.

இந்த மங்கலான ஒளியைச் சேர்ப்பது பொறுமையான வேலை. பூமியின் சுழற்சியை ஈடுகட்டித் தொலைநோக்கியைத் திருப்பும் மவுன்ட் வேண்டும். அது வழி தவறாமல் பார்த்துக்கொள்ள, ஒரு விண்மீனை விடாமல் கவனிக்கும் சிறிய கேமரா இன்னொன்று வேண்டும். படமெடுக்கும் கேமரா பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை. வண்ணக் கேமராவில் சிவப்பை உணரும் புள்ளிகள் நான்கில் ஒன்றுதான், எச்-ஆல்ஃபா ஒளிக்கு மற்ற மூன்றும் ஏறக்குறைய வீண். சென்சாரை மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள், இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூடே படத்தில் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு படமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு ஃபில்டருக்கு ஓர் இரவே போய்விடும். ஹைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும், கந்தகத்துக்குத்தான் காத்துக்கிடக்க வேண்டும்.

அதே படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பது ஏன்? நெபுலா ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சல் எனப்படும் பொரிப்பொரியான புள்ளிகளோ இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான்கு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும், நூறு படங்களுக்குப் பத்திலொன்றாகும். ஒரு படத்தில் மட்டும் குறுக்கே போன செயற்கைக்கோளின் கோட்டையும் கணினி ஒதுக்கிவிடும். மூடியைப் போட்டு எடுத்த இருட்டுப் படங்களைக் கழித்து, குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி எடுத்த சீரான வெளிச்சப் படங்களால் வகுத்தால், சென்சாரின் குறைகளும் தூசி நிழல்களும் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறையக் கறுப்பான ஒரு படம். அதன் இருண்ட பகுதிகளை மெல்ல மெல்லத் தூக்கும்போதுதான் நெபுலா வெளியே வரும்.

பிறகுதான் நிறம். 1995இல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிள் தொலைநோக்கியால் கழுகு நெபுலாவை எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். ஹபிள் வண்ண முறை என்ற பெயர் அப்படி வந்தது. “இது பொய் நிறம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ரஜனும் கந்தகமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சிவப்பாகத் தெரிபவை. உள்ளபடி காட்டினால் எது எங்கே இருக்கிறது என்பதே கலந்துபோகும். தேசப் படத்தில் மாநிலத்துக்கொரு நிறம் கொடுப்பதை யாரும் பொய் என்பதில்லை. நிறம் நாம் கொடுத்தது, எல்லைகள் உண்மை. படத்தில் இல்லாத இழைகளைக் கூர்மையாக்கும் மென்பொருளால் வரவழைப்பதுதான் பொய். அதை நான் ஏற்க மாட்டேன்.

இந்தப் பொறுமைக்கு வானம் ஒருமுறை பெரிய பரிசே கொடுத்தது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் படமெடுக்காத வானியல் ஆர்வலர் அரிது. ஆனால் அதில் ஓ-த்ரீ ஃபில்டரை நீண்ட நேரம் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் பிரான்ஸைச் சேர்ந்த யான் செய்ன்டி, 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியால் எல்லா ஃபில்டர்களிலுமாக நூறு மணி நேரத்துக்கும் மேல் எடுத்தார். மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் ஆகியோருடன் சேர்ந்து அந்தப் படங்களைப் பதப்படுத்தியபோது, கேலக்ஸிக்குப் பக்கத்தில் முழுநிலவைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு ஒரு நீல வளைவு தெரிந்தது. எந்தப் பெரிய ஆய்வகமும் அதை அதுவரை கண்டிருக்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகத்தின் இதழில் அது வெளியாயிற்று. அது ஆண்ட்ரோமெடாவை ஒட்டி இருக்கிறதா, நம் பால்வீதிக்குள்ளேயே இருக்கிறதா என்று வானியலாளர்கள் விவாதித்து வருகிறார்கள்.

தொலைநோக்கி வாங்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். ஹபிள் எடுத்த மூலப் படங்கள் ‘மாஸ்ட்’ எனும் இணையக் காப்பகத்தில் எல்லோருக்கும் இலவசம். அவற்றைத் திறந்து வேலை செய்ய ‘சிரில்’ என்ற மென்பொருளும் இலவசம். கழுகு நெபுலாவுக்கான 1995ஆம் ஆண்டுக் கோப்புகளில் எஃப்673என், எஃப்656என், எஃப்502என் ஃபில்டர்களில் எடுத்தவற்றைத் தேடி இறக்குங்கள். கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று அதே வரிசையில் சிவப்பு, பச்சை, நீலத்தில் போட்டு, தூண்களை உங்கள் கையால் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.