வீட்டில் ஊர்வன விட்டுச்செல்லும் வாடை: காரணமும் தீர்வும்

பண்டைத் தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல் நறுமணத்தைக் குறித்தது. இன்று அதன் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. அந்த இன்றைய பொருளுக்குரிய நாற்றத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு ஊர்வன புதியவை அல்ல. பிரிக்பீல்ட்ஸ் பழைய கடைவீடுகளின் கூரைக்கடியிலும் கிள்ளான் தாமான் வீடுகளிலும் பல்லிகள் குடியிருக்கின்றன. ஆற்றையும் கால்வாய்களையும் ஒட்டிய பகுதிகளில் உடும்பும் மலைப்பாம்பும் தென்படுகின்றன. வாடை வீசினால் சாம்பிராணி போடுவது நம் வழக்கம். ஆனால், புகை வாடையை மறைக்குமே தவிர அகற்றாது.

முதலில் வாடையின் மூலத்தை அறிய வேண்டும். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, எச்சம். பல்லியின் கறுப்பு எச்சத்தின் நுனியில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். நம் சிறுநீரிலுள்ள யூரியா தண்ணீரில் எளிதில் கரையும். யூரிக் அமிலமோ ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் மட்டுமே கரையும். வெறும் தண்ணீரால் துடைத்தும் கறையும் வாடையும் போகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். காய்ந்த எச்சத்தைக் கூட்டக்கூடாது; தூசி பறக்கும். ஈரத்தாளால் நனைத்து எடுத்துவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் தேய்க்கலாம். காரத்தன்மையுள்ள நீரில் யூரிக் அமிலம் கூடுதலாகக் கரையும். மெத்தை, மரப்பலகை போன்றவற்றில் ஊறிய கறைக்கு, செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நொதி கலந்த திரவம் ஏற்றது.

இரண்டாவது, பாம்பின் கழிவும் சுரப்பும். அஞ்சிய பாம்பு வாலடிச் சுரப்பியிலிருந்து கடுமையான வாடையுள்ள திரவத்தை வெளியேற்றும். அதைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். உருளைக்கிழங்கு அவிக்கும் மணம் வந்தால் பாம்பு இருக்கிறது என்பது நம்மிடையே உள்ள நம்பிக்கை. அதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பாம்பைக் கண்டால் அடிக்க முனையாமல் 999 எண்ணை அழைத்து, தீயணைப்பு மீட்புத் துறையின் உதவியை நாடுங்கள்.

மூன்றாவது, இறந்த உடல். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளோ அலமாரிக்குப் பின்னாலோ மடிந்த பல்லி நாள்கணக்கில் நாறும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தேடுங்கள். உடலை அகற்றிய பிறகு, எஞ்சிய வாடையை உறிஞ்ச ஒரு தட்டில் அடுப்புக்கரியை வைக்கலாம்.

வாடையைவிடப் பெரிய ஆபத்துகள் சில உண்டு. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். கைக்குழந்தைகளையும் முதியோரையும் கடுமையாகத் தாக்கக்கூடும். எனவே கையுறை அணியுங்கள். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். சவர்க்காரத்தால் கழுவிய பிறகே குளோரக்ஸ் போன்ற வெளுப்பானை நீர்த்துப் பயன்படுத்துங்கள். அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் ஆற்றல் குறையும். அதனோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியாவைக் கலந்தாலும் நச்சுவாயு உண்டாகும். ‘எல்லாவற்றையும் கலந்தால் நன்றாகப் போகும்’ என்ற எண்ணம் மூச்சுக்கே ஆபத்தானது.

பாச்சை உருண்டையும் அப்படித்தான். நாப்தலீன் கலந்த உருண்டை பாம்பை விரட்டும் என்று நம்ப இடமில்லை. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கோ அது சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையை ஏற்படுத்தலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாடு சோதிக்கப்படுகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்த முடிவைப் பெற்றோரிடம் கேட்டறியுங்கள்.

இறுதியாக, வாடை மீண்டும் வராதிருக்க வழி என்ன? பல்லிக்கு இரை பூச்சி. பாம்புக்கு இரை எலி. குப்பையை மூடி வையுங்கள். பின்சந்துக் கால்வாயில் உணவைக் கொட்டாதீர்கள். கூரை இடுக்குகளையும் குழாய்த் துளைகளையும் அடையுங்கள். உடும்பைக் கொல்லவோ பிடிக்கவோ முயலாதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி மணக்கட்டும். ஆனால், வீட்டைக் கழுவிய பிறகு மணக்கட்டும்.