குலிந்தாவின் இழை போர்த்திய டைனோசர்

பைக்கால் ஏரிக்குக் கிழக்கே, சைபீரியாவின் குலிந்தா பகுதியில், எரிமலைச் சாம்பல் கலந்த படிவுகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டு 2014-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட குலிந்தாட்ரோமியஸ், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் கொண்ட, ஜுராசிக் காலத்துத் தாவர உண்ணி டைனோசர் ஆகும். பல விலங்குகளின் எலும்புகள் சிதறிக் கலந்தே கிடைத்தமையால், அவற்றையும் அவற்றை ஒட்டிப் பதிந்திருந்த தோல் தடயங்களையும் உறுப்புவாரியாகப் பொருத்தித்தான் ஆய்வாளர்கள் அதன் உயிர்த்தோற்றத்தை, அதாவது தசையும் தோலும் போர்த்திய உருவத்தை, மீட்டமைத்தனர். தலையையும் உடலையும் மயிர் போன்ற மெல்லிழைகள் மூடியிருந்தன. மேற்கையிலும் தொடையிலும் ஒரே அடித்தட்டிலிருந்து பல இழைகள் கொத்தாகக் கிளம்பின. வாலிலோ, வியப்பூட்டும் வகையில், வளைந்த செதில்கள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. பறவைகள் தோன்றிய கிளையிலிருந்து மிகத் தொன்மையிலேயே பிரிந்துவிட்ட கிளையைச் சேர்ந்த இவ்விலங்கிலும் இத்தகைய போர்வை காணப்படுவதால், இறகின் தொடக்கநிலை டைனோசர்களின் பொது மூதாதையரிடமே இருந்திருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. பறத்தலுக்குச் சற்றும் உதவாத அந்த இழைகள் உடல்வெப்பத்தைக் காக்கவே முதலில் பயன்பட்டிருக்கும் என்று கொள்வதே பொருத்தமாகும்.