அட்ரஸ் இருக்கு... ஆள் யாரு?

ஃபைனல் இயர் புராஜெக்ட் டெமோவுக்கு இன்னும் ரெண்டே நாள். சீனியர் விட்டுட்டுப் போன கோடு. 'புதிய மாணவர்' லிங்க்கை க்ளிக் பண்ணினா, 'நியூ'ங்கிற ஐடியில மாணவர் யாரும் இல்லைன்னு எர்ரர் வருது. ஃபோல்டரைத் திறந்தா, எக்கச்சக்க ஃபைல். எங்கேன்னு தேடுவீங்க?

டென்ஷன் வேண்டாம் பாஸ். பிரவுசரின் அட்ரஸ் பாரைப் பாருங்க. 'ஸ்டூடண்ட்ஸ்/நியூ'ன்னு இருக்கா? அங்கிருந்து பின்னாடியே போவோம்.

பழைய பி.எச்.பி. தளங்கள் பலவற்றில் அட்ரஸிலேயே ஃபைல் பெயர் இருக்கும். டேவிட் ஹைன்மைர் ஹான்சன் 2004-ல் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' மாதிரி ஃபிரேம்வொர்க்குகளில் அந்தக் கதை கிடையாது. நடுவில் ரூட்டர் உட்கார்ந்திருக்கார். எந்த அட்ரஸ் வந்தா, எந்த கன்ட்ரோலரில் எந்த ஆக்‌ஷனை ஓட்டணும்னு முடிவு பண்றது அவர்தான். அவர் கையில் இருக்கிற பட்டியல், கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள ரூட்ஸ் ஃபைல்.

டெர்மினலில் 'ரெயில்ஸ் ரூட்ஸ்'னு அடிங்க. முழுப் பட்டியலும் கொட்டும். அட்ரஸோடு கெட், போஸ்ட் என்பதையும் கவனிங்க. ஒரே 'ஸ்டூடண்ட்ஸ்' அட்ரஸுக்கு கெட் வந்தா இன்டெக்ஸ், போஸ்ட் வந்தா கிரியேட்!

இப்போ லாக் ஃபைலைப் பாருங்க. உங்க 'நியூ' அட்ரஸுக்கு ஓடினது நியூ ஆக்‌ஷன் இல்லை, ஷோ ஆக்‌ஷன். மாட்டிக்கிச்சா?

ரூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே படிப்பார். முதலில் பொருந்துற வரியோடு நிறுத்திடுவார். ஜாங்கோவிலும் இதே விதிதான். சீனியர் 'ஸ்டூடண்ட்ஸ்/ஐடி' வரியை மேலே எழுதிட்டார். ஐடி இடத்தில் எது வந்தாலும் பொருந்தும். அதனால 'நியூ'வையும் ஐடின்னு நினைச்சு, டேட்டாபேஸில் தேடியிருக்கு. ரெண்டு வரியையும் இடம் மாத்துங்க, முடிஞ்சது. 'ரிசோர்சஸ்'னு ஒரே வரி எழுதியிருந்தா, ஏழு ஆக்‌ஷனும் சரியான வரிசையில் தானாகவே வந்திருக்கும்.

போனஸ் டிப்ஸ்: லிங்க்கில் அட்ரஸைக் கையால் எழுதாதீங்க. ரூட்டின் பெயரைக் கொடுங்க, அட்ரஸை ரூட்டரே எழுதித் தருவார். நாளைக்கு அட்ரஸ் மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினா போதும்.

வைவாவில் 'இந்தப் பக்கம் எங்கிருந்து வருது?'ன்னு கேட்டா முழிக்காதீங்க. ரூட்ஸ் ஃபைலைத் திறந்து, விரலை வெச்சுக் காட்டுங்க!