சங்கத்தின் இணையதளப் பெயர் யார் கையில்?

கடை திறக்கும் முன் நாம் பெயர்ப்பலகையையும் இடத்தையும் முடிவு செய்கிறோம். இணையதளம் தொடங்கும் சங்கத்திற்கும் இவ்விரண்டுமே தேவை. இணையத்தில் பெயர்ப்பலகைக்கு 'டொமைன்' என்று பெயர். நமது செய்திகளும் படங்களும் தங்கும் இடத்திற்கு 'ஹோஸ்டிங்' என்று பெயர். இரண்டும் வெவ்வேறு சரக்குகள். ஒரே கடையில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதிர்காமத்தில் வணிகர் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, கோயில் திருப்பணிக் குழுவோ இணையதளம் தொடங்க நினைத்தால் இந்த வேறுபாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பெயரைத் தேர்ந்தெடுத்தல்

டொமைன் பெயர் முந்திக் கேட்பவருக்கே கிடைக்கும். நம் பகுதியில் ஒரு சிக்கலும் உண்டு. கதிர்காமம் என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஊரின் பெயரும் 2006-ல் பாண்டிச்சேரி என்பதிலிருந்து புதுச்சேரி என மாறியது. பழைய பெயரையே எழுதுவோர் இன்றும் பலர். எனவே நீளமில்லாத, போனில் ஒருமுறை சொன்னாலே எழுதக்கூடிய பெயரே நல்லது.

பொதுநலச் சங்கங்கள் பெரும்பாலும் '.ஆர்க்' என்ற முடிவை விரும்புகின்றன. இந்தியாவிற்குரிய '.இன்' பெயர்கள் 2005 ஜனவரி முதல் தாராளமாக வழங்கப்படுகின்றன. இதனை 'நிக்சி' என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் பெயரும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை என்பதால், ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் இருப்பது உசிதம்.

பெயருக்கும் சட்ட மதிப்பு உண்டு

சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-ல் 'சிஃபி' என்று தொடங்கும் பெயர்களைப் பதிவு செய்தது. பிறகு 2001-ல் வேறொரு நிறுவனம் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டி அதே போன்ற பெயரை எடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. வணிகச் சின்னத்திற்குள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்று 2004 மே மாதம் தீர்ப்பாயிற்று. பிறர் கடைப் பெயரை ஒட்டி நாம் பெயர் வைப்பதும் ஆகாது என்பதையும் இதிலிருந்து உணரலாம்.

பதிவு யார் பெயரில்?

தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. விவரம் தெரிந்த ஓர் உறுப்பினர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்து தருகிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் நிர்வாகிகள் மாறினாலோ, அவர் வெளியூர் சென்றுவிட்டாலோ, சங்கத்தின் பெயர் சங்கத்தின் கையில் இராது. ஆகவே,

1. உரிமையாளர் இடத்தில் சங்கத்தின் பதிவுப் பெயரே இருக்க வேண்டும். ரசீதும் அப்பெயரிலேயே பெற வேண்டும்.

2. தொடர்புக்குச் சங்கத்தின் மின்னஞ்சலும் சங்கத்தின் போன் எண்ணும் தர வேண்டும். அந்த மின்னஞ்சல் இதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அதுவும் முடங்கிவிடும்.

3. கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படைத்து, கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

புதுப்பிக்க மறவாதீர்

டொமைன் விலைக்கு வாங்கும் மனையல்ல, குத்தகைதான். '.காம்' பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு ஒரே தடவையில் எடுக்கலாம். தவணை தவறினால் சிறிது அவகாசம் கிடைக்கும். பிறகு கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாட்கள் உண்டு. அதுவும் கடந்தால் பெயர் பொதுவுக்குப் போய்விடும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு பெயருக்குப் பணம் கட்ட மறந்து, ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலர் அவதிப்பட்டனர். வெளியார் ஒருவர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைச் சரி செய்தார். நமக்கு அப்படி ஒருவர் வருவார் என்று இருக்க முடியுமா?

இடம் எடுக்கும்போது

அறிவிப்புகளும் சில படங்களும் வைக்க மிகச் சிறிய ஹோஸ்டிங் திட்டமே போதும். முதலாண்டு விலையை மட்டும் பார்க்காமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கேட்டறிய வேண்டும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகல் எடுத்துச் சங்க அலுவலகக் கணினியில் வைக்க வேண்டும். சேவை சரியில்லை என்றால் குடோனை மாற்றுவது போல ஹோஸ்டிங்கை மாற்றிக்கொள்ளலாம். பெயர் நம் கையில் இருந்தால் முகவரி மாறாது.

ஏற்கெனவே இணையதளம் வைத்துள்ள சங்கங்கள், அடுத்த செயற்குழுவில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்: நம் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது?