இணையக் காவல்

மாணவர்களே! மதுரையை அடுத்த அலங்காநல்லூரில் தைத் திங்கள் மூன்றாம் நாள் நிகழும் ஏறுதழுவலை நீவிர் அறிவீர். முன்னரே பெயர் பதிந்து களத்தில் இறங்கும் இளைஞன் காளையின் திமிலை மட்டுமே பற்றுதல் வேண்டும். வாலையோ கொம்பையோ பற்றலாகாது. அவ்வாறு அணைபவனை ஊரார் வீரன் என்பர். நள்ளிரவில் பிறர் தொழுவத்துள் புகுந்து அதே காளையை அவிழ்ப்பவனை என்னென்பர்? கைவலிமை இருவர்க்கும் ஒன்றே. எனினும் பின்னவன் கள்வனே. இணையக் காவல் என்னும் புதுத்தொழிலை விரும்பும் இளைஞர் முதற்கண் உணரவேண்டிய வேறுபாடு இதுவேயாம்.

வங்கிக் கணக்கும் மருத்துவமனைக் குறிப்பும் இன்று கணினியை நம்பி நிற்கின்றன. அங்குள்ள ஓட்டைகளைக் கள்வர் காணுமுன் கண்டு அடைப்பித்தலே இக்காவலர் பணி.

சென்னை ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019ஆம் ஆண்டில் செய்ததைக் கேண்மின். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மறந்தவர்க்கு ஆறிலக்க எண் ஒன்று கைப்பேசிக்கு வரும். அது 10 நிமிடமே செல்லும். 000000 முதல் 999999 வரை எண்கள் 10 இலட்சம் உள. ஒரே இணைய முகவரியிலிருந்து அவற்றை இட்டுப் பார்ப்பின், ஏறத்தாழ 200 முயற்சிகளுக்குமேல் வாயில் அடைபடும். பல முகவரிகளிலிருந்து ஒருங்கே அனுப்பின் யாது நிகழும்? இவ்வினாவே திறவுகோலாயிற்று. 1,000 முகவரிகளிலிருந்து 2,00,000 எண்களை அனுப்பினார், வாயில் அடைபடவில்லை. அவ்வாறாயின் 5,000 முகவரிகள் 10 இலட்சத்திற்கும் போதும். இது நும் வகுப்புப் பெருக்கற்கணக்கே அன்றோ!

குறை கண்டு அறிவிப்போர்க்குப் பரிசுண்டு என்று அந்நிறுவனம் முன்னரே அழைப்பு விடுத்திருந்தது. ஆதலின் அச்சோதனை குற்றமாகவில்லை. உரியவர் இசைவின்றி வஞ்சனையாகப் பிறர் கணினியுள் புகுவோர்க்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்றாண்டு வரை சிறையும் 5 இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. தோழனுடைய கடவுச்சொல்லை விளையாட்டாகத் திருடுதலும் நன்றன்று. பயிற்சி செய்ய நும் சொந்தக் கணினியே போதும்.

இனிக் கற்க வேண்டியன: கணக்கைக் கைவிடாதீர். மேனிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியலில் பைத்தான் மொழி உண்டு. லினக்ஸ் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கும். கணினிகள் தம்முள் இணையும் முறையை ஆழ்ந்து பயில்க. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீய நிரல் புகுந்தது 2019இல் கண்டறியப்பட்டது. உலையை இயக்கும் கணினிகள் அவ்வலையினின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தமையின், அவை தீண்டப்படவில்லை என நிலையத்தார் அறிவித்தனர். வலையைப் பிரித்தமைக்கும் அறிவு இத்துணைப் பயனுடைத்து.

தமிழாசிரியன் ஆதலின் மற்றொன்றும் கூறுவேன்; கட்டுரைப் பயிற்சியையும் இகழாதீர். முத்தையா முதலில் எழுதியனுப்பிய அறிக்கையில் விவரம் போதாமையால், நிறுவனத்தார் அக்குறையைத் தாமே மீளச் செய்து காண இயலவில்லை. பின்னர் மடல்கள் சில எழுதி, செய்முறையைக் காணொளியாகவும் அனுப்பிய பிறகே அவர்கள் தெளிந்தனர்; ஓட்டையை அடைத்து, 30,000 டாலர் பரிசும் அளித்தனர்.